சித்தப்பாவின் ஸ்லோவாக்கியப் பாட்டுத்தட்டு

ஊசி தட்டில் இறங்கியதும் கடுகு பொரிவதுபோல ஒரு சத்தம் கேட்கும், அதன் பின்னால் கிற்றார் வரும், அதற்கும் பின்னால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்காத ஒரு பாஷையில் ஒருவன் உருகி உருகிப் பாடுவான். கண்டியில் எங்கள் வாடகை வீட்டுக்குள் ஸ்லோவாக்கியா வந்தது இப்படித்தான்.

கொண்டுவந்தவர் அப்பாவின் தம்பி. பிராட்டிஸ்லாவாவில் பொறியியல் படிக்கப்போன சித்தப்பா, ஊர் திரும்பும்போது எல்லாரும் எதிர்பார்த்த கம்பளிச் சட்டைகளை விட்டுவிட்டு, தன்னுடைய விடுதிச் சாப்பாட்டறையில் பாடத் தொடங்கிய நாலு பையன்களின் “பாட்டுத்தட்டுகளை” அடுக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குழுவின் சரித்திரம் எங்களுக்கு உறவுக்காரர் கதைபோலப் பாடமாக இருந்தது. முதல் மேளக்காரன் பட்டாளத்துக்குப் போனது, பாடகனும் கிற்றார்காரனும் ஒரு வருஷம் முகம்பாராமல் இருந்தது, பிறகு கூடியது எல்லாம் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் சொல்லப்படும். அப்பாவுக்குத் தன் சொந்த மைத்துனர்களைப் பற்றி அவ்வளவு தெரியாது.

சித்தப்பா ஹந்தானையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடன் வேலை செய்த சிங்களவரான நிமல் மாமா கல்யாண வீடுகளில் “பைலா” என்னும் ஆட்டப்பாட்டுகள் பாடுகிறவர். இருவருமாக அந்தக் குழுவின் ஒரு பாட்டுக்குப் புதிதாக வரிகள் கட்டினார்கள். நிமல் மாமாவின் சிங்கள வரியில் ஒரு பெண் பஸ்ஸைத் தவறவிடுவாள். சித்தப்பாவின் தமிழ் வரியில் கொழுந்துக் கூடைக்குள் மழை பெய்யும். சிங்களக் கல்யாணத்தில் அது, தமிழ்க் கல்யாணத்தில் இது என்று இரண்டும் மேடையேறின. நிமல் மாமாவின் வரி கேகாலை வரைக்கும் போய், வேறு கோஷ்டிகளும் அதைப் பாடத் தொடங்கிவிட்டன.

பிறகு தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. எங்கள் வீட்டு ஜன்னல்கள் நொறுங்கியபோது நிமல் மாமா வந்து எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்வாசலால் ஓடிய சித்தப்பாவின் கையில் தட்டுகள்தான் இருந்தன, மிச்சமெல்லாம் வீட்டோடு எரிந்தது. பட்டப் பத்திரத்தை எரியவிட்டுப் பாட்டுத்தட்டைக் காப்பாற்றிய மனிசன் என்று அம்மா வருஷக்கணக்காக அவரைச் சீண்டினா. எனக்கு அதற்காகவே அவரை இன்னும் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு தமிழ் வரி மேடையேறவில்லை. வீட்டுக்குள் மட்டும் பாடினோம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் வானொலியில் சித்தப்பா படித்த நாடு இரண்டாகப் பிரிந்து ஸ்லோவாக்கியா தனிநாடான செய்தி வந்தது. சித்தப்பா நம்பமுடியாமல் நின்றார். “கையெழுத்து வச்சுப் பிரிஞ்சிட்டாங்கள். ஒரு கண்ணாடி உடையேல்லை” என்றார். அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, “தம்பி, மெல்லமாக் கதையும்” என்றா.

அதற்குச் சில மாதங்களின் பின், கொழும்புக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை மலைப்பாதையில், “செக்பொயின்ற்” என்ற சோதனைச்சாவடியில் எங்கள் காரை மறித்தார்கள். சித்தப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. அந்தத் தட்டிலிருந்து பதிந்து காரில் வைத்திருந்த கசெற்றைச் சிப்பாய் ஓடவிட்டுக் கேட்டார். விளங்காத பாஷை எல்லாம் அவருக்குத் தமிழ்தான், தமிழில் கிற்றாரோடு பாட்டென்றால் ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் பாட்டுத்தான். இது ஐரோப்பியப் பாட்டென்று சித்தப்பா நல்ல சிங்களத்தில் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. இறங்கச் சொன்னார். அப்படி இறக்கப்பட்டுத் திரும்பி வராதவர்களை எங்களுக்குத் தெரியும். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

கார்க்கதவைத் திறந்த சித்தப்பா என்னைப் பார்த்து, “பிள்ளை, நிமல் மாமான்ர வரியைப் பாடு” என்றார்.

கசெற்றோடு சேர்ந்து, பஸ்ஸைத் தவறவிட்ட பெண்ணைப் பாடினேன். இரண்டாவது அடியில் சிப்பாயின் முகம் மாறியது. மூன்றாவதில் அவரும் சேர்ந்துகொண்டார், அவருடைய அக்காவின் கல்யாணத்தில் பாடிய பாட்டாம். வெள்ளைக்காரர்கள் நம்முடைய பாட்டைத் திருடியிருக்கிறார்கள் என்று மற்றச் சிப்பாயிடம் முறையிட்டுவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வளைவில் சித்தப்பா காரை நிறுத்தி, கசெற்றை வெளியே எடுத்தார். பிறகு சொன்னார்: “இனிமேல் எங்கட தமிழ் வரி வேண்டாம். வீட்டிலயும் வேண்டாம். வீட்டில பாடினா வெளியில வாய் தவறும்.”

போன மாதம் கண்டிக்குப் போயிருந்தபோது, என் தொலைபேசியில் அந்தக் குழுவின் அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். நாலு பேரில் இருவர்தான் மிச்சம், தலை முழுக்க நரை. ஆனாலும் அதே பாட்டை அவர்கள் பாட, மைதானமே கூடப் பாடுகிறது. தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது, நிமல் மாமா இல்லை, தட்டுகளைப் பூஞ்சணம் தின்றுவிட்டது. தமிழ் வரியைச் சொல்லுங்கோ சித்தப்பா, எழுதி வைக்கிறேன் என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். கூடை வந்தது, மழை வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நானும் தேடிப் பார்த்தேன். எனக்கு வந்ததெல்லாம் சிங்களம். அந்தத் தமிழ்ப் பாட்டை யாரும் எழுதி வைத்ததில்லை, பதிந்து வைத்ததுமில்லை.

பாட்டு முடிந்து திரை இருண்ட பிறகு சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: “நாங்கள் நல்ல கவனமாத்தான் இருந்திருக்கிறம், பிள்ளை.”