கால்சியத்தில் இருக்கும் கால்

முதலில் அது வலியாகவே இல்லை. கொள்ளிடக் கரையில் ஓடி முடித்து ஷூவைக் கழற்றும்போது, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரத்தில் ஓர் இடம், விரல் வைத்தால் மட்டும், சுருக்கென்றது. விரல் வைக்காமல் இருந்துகொண்டேன். இந்த வைத்தியம் இரண்டு வாரம் பலித்தது. மூன்றாவது வாரம் படுத்திருக்கும்போதும் வலித்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சப்-இன்ஸ்பெக்டர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு அப்போதே என்னை ‘எஸ்.ஐ. மேடம்’ என்று கூப்பிட்டது; நானும் திரும்பிப் பார்த்தேன். ஓட்டத் தேர்வு மட்டும் பாக்கி. அதற்குப் பத்து வாரம் இருந்தது.

தில்லை நகரில் டாக்டரம்மா எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலுக்குள் படமெடுக்கும் சோதனை) பார்த்துவிட்டு, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (ஓய்வில்லாத உழைப்பால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) என்றார். எட்டு வாரம் ஓடக் கூடாது.

உடன் வந்த அம்மா கட்டட வேலையில் சித்தாள். “இருபது வருஷமா செங்கல் சுமக்குறேன் டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் விரியலீங்க. இவ வெறுங்கையோட ஓடுனதுக்கா விரிஞ்சுச்சு?”

“கால்சியம் நிறையக் குடுங்கம்மா” என்றார் டாக்டர்.

மறுநாள் விடிந்ததும் என் முன்னால் ஆட்டுக்கால் சூப் ஆவி பறந்தது. “கால்சியம்னா காலுக்குத்தானே? பேர்லயே இருக்கே” என்றார் அம்மா.

“அப்ப கைக்கு என்ன, கைசியமா?” என்றார் ஆட்டோ ஓட்டும் அப்பா. அன்று அவருக்கு சூப் கிடைக்கவில்லை.

பட்டதாரி என்ற முறையில் நான் விளக்கினேன். “அம்மா, அது சுண்ணாம்புச் சத்து.”

“சுண்ணாம்பா? அத நாங்க செவுத்துக்குல்ல அடிக்கிறோம்.”

என் கவலை வேறு. ஓடாமல் சாப்பிட்டால் எடை ஏறிவிடும். அதனால் தினமும் சூப்பைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்த் தெருநாய் மணிக்கு ஊற்றினேன். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கிக் கைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அம்மா தூங்கிய பிறகு சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, இரவில் வெள்ளரிக்காயோடு முடித்துக்கொண்டேன். நான்கு வாரத்தில் மணி மினுமினுத்தது. என் வலி அப்படியே இருந்தது.

அம்மாவோடு மறுபடி தில்லை நகர்.

“என்னம்மா சாப்பிடுற?”

மதிப்பெண் சொல்வதுபோல் பெருமையாக ஒப்பித்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதம், இரவு வெள்ளரிக்காய்.

“ஓடிக்கிட்டிருந்தப்ப?”

“அப்பவும் அதேதான் டாக்டர்.”

“பீரியட்ஸ்?”

“மூணு மாசமா வரல. ஓடுறதுக்கு வசதின்னு விட்டுட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “உடம்புக்குத் தீனி பத்தலேன்னா முதல்ல அத நிறுத்திரும். அப்புறம் எலும்பு மெலியும். இது ஓடுனதால மட்டும் வந்ததில்லம்மா. பட்டினியோட ஓடுனதால வந்தது.”

பட்டினி. அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்றுதான் அம்மா செங்கல் சுமந்தார். அப்பாவின் ஆட்டோவில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் ஏறியதும் அம்மா அழ ஆரம்பித்தார்.

“பட்டினியா? எம் வீட்லயா? அப்ப அத்தன சூப்பையும் யாருடி குடிச்சா?”

“மணி.”

“அதான் அது போலீஸ் நாய் மாதிரி ஆயிருச்சு” என்றார் அப்பா. “வீட்ல யாராவது ஒருத்தருக்கு வேல கெடச்சா சரி.”

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

ஆட்டுக்காலில் கால்சியம் அதிகமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தது அம்மாவுக்குப் பெரிய அடி. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, தயிர், முள்ளோடு நெத்திலி எல்லாம் வந்தன. மரியாதைக்காக சூப்பும் தொடர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பாடு. நான் விழுங்கும்வரை அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பார். எடை நான்கு கிலோ ஏறியது. இப்படிச் சாப்பிடத் தொடங்கிய ஐந்தாவது வாரம் மாதவிடாய் வந்தது. அதன் பிறகு, விரல் வைத்தாலும் வலிக்கவில்லை.

இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது மாதவிடாய் நின்றிருந்தால், தயவுசெய்து வசதி என்று நினைக்காதீர்கள்.

நான் வீணாக்கிய நான்கு வாரத்துக்காகத் தேர்வு காத்திருக்கவில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவ்வளவுக்குத்தான் டாக்டரின் அனுமதி. தேர்வுக்கு முந்தின நாள் அம்மாவிடம் கேட்டேன், “வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடிட்டு வந்துரட்டுமா?”

“தளம் போட்ட மறுநாளே முட்டு பிரிச்சா என்ன ஆவும்?” கான்கிரீட் காயும்வரை தாங்கி நிற்கும் கம்புகளைத்தான் அம்மா சொன்னார்.

“விழுந்துரும்.”

“படிச்ச புள்ளதானே? அப்ப பேசாம இரு.”

தேர்வு நாள் காலையில் அம்மாவோடு கொள்ளிடக் கரையில் இருந்தேன். எதிரே நடைப்பயிற்சிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், “என்ன எஸ்.ஐ. மேடம், இன்னிக்குத்தானே டெஸ்ட்டு?”

“அடுத்த தடவதாங்க.” சொல்லிவிட முடிந்தது.

ஓடினேன். முன்பெல்லாம் நொடிகளைக் குறைப்பதே என் வேலை. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது: எட்டு மின்கம்பம், ஒரு வேப்பமரம், என் பங்கு சூப்பின் பலத்தில் எனக்கு முன்னால் ஓடும் மணி.

“நில்லு” என்றார், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த அம்மா. “இப்ப நட.”

நடந்தேன். கால் வலிக்கவில்லை. வேறெங்கோ ஏதோ செய்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“அம்மா, பசிக்குது” என்றேன்.