சந்தியாகு அண்ணாச்சி சுமந்த மண்

தூத்துக்குடியில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், யார் தோணி தரைதட்டியது, எந்தக் கப்பல் ஏஜெண்டுக்கும் அவர் மைத்துனருக்கும் பேச்சு நின்றுபோனது என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படிப்பட்டவனுக்குச் சந்தியாகு சாரங்கு இறந்த செய்தி மட்டும் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது. பீச் ரோட்டு டீக்கடையில் வழக்கம்போல யாரையோ பற்றி அளந்துகொண்டிருந்தேன். எங்களோடு கப்பலில் வேலை பார்த்த சூசை, பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"ஏலே முருவேசா, சாரங்கு அடக்கத்துக்கு ஒன்னக் காணல?"

"எந்தச் சாரங்கு?"

"நம்ம சந்தியாகு அண்ணாச்சிதாம்லே. நேத்து மணப்பாட்டுல முடிஞ்சிட்டு. தூக்கத்துலயே போய்ட்டாரு. முருவேசனுக்குத் தெரியாம ஒரு சாவான்னு அங்கன எல்லாரும் கேட்டாக."

நான் பாதியில் விட்ட கதையின் மிச்சத்தை அன்று கடையில் யாரும் கேட்கவில்லை.

அவரோடு கப்பலில் இருந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்குக் கப்பலில் மேல்தளத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிறவர்தான் சாரங்கு. மற்ற சாரங்குகள் கத்தி வேலை வாங்குவார்கள். இவர் பார்த்தே வாங்குவார். நான் அந்தக் கப்பலில் ஸ்டோர் கிளார்க். எங்கள் பலசரக்குக் கடையில் என்னை உட்கார வைத்தால் வந்தவர்களிடம் கதை பேசிப் பேசி அடுத்த கடைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று என் அப்பாவே பார்த்து ஏற்றிவிட்ட வேலை அது. கப்பலில் கதை கேட்கிறவர்கள் வேறு கடைக்குப் போக முடியாதல்லவா? நான் செழித்தேன். ஒருநாள் இரண்டாம் இஞ்சினியரின் குடும்ப விவகாரத்தை ஐந்தாறு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்து நின்றார். கூட்டம் கலைந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. காலடியில் கிடந்த வடத்தைக் காட்டிச் சொன்னார்:

"கயிறும் பேச்சும் ஒண்ணுதாம்லே. அவுத்து விடுதது சுளுவு. சுருட்டி வைக்கத்தான் ஆள் வேணும்."

சொல்லிவிட்டு அவரே அந்த வடத்தைச் சுருட்டி வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

இனி நான் சொல்லப்போவது மணப்பாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அன்று தெரியாது. அண்ணாச்சிக்கு ராயப்பன் என்று ஒரு தம்பி இருந்தான். அவனைக் கப்பல் வேலையில் சேர்த்துவிட்டவர் அண்ணாச்சிதான். கிரேக்க நாட்டுக் கரையை ஒட்டிப் போகும்போது ஒரு புயலில் ராயப்பன் கடலில் விழுந்தான். கப்பல் சுற்றிச் சுற்றித் தேடியது. உடல் கிடைக்கவில்லை. அவன் விழுந்த இடத்துக்கு நேரே ஒரு முனை. முனையின் உச்சியில் வெள்ளைத் தூண்களோடு ஒரு கோயில். கடலிலிருந்து பார்த்தால், மணப்பாட்டு மணல் குன்றின் மேல் குருசுக் கோயில் நிற்பதுபோலவே இருக்குமாம்.

அவர்கள் ஊரில் பெட்டியைக் குழியில் இறக்கியதும் உறவுக்காரர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போட வேண்டும். போடாதவரைக்கும் செத்தவன் வீடு வந்து சேரவில்லை என்று அண்ணாச்சியின் அம்மாவுக்கு நினைப்பு. "நீதானே அவனைக் கூட்டிப் போனாய்" என்று அந்த அம்மா ஒருநாளும் மூத்த மகனைக் கேட்டதில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்து அவர் வீட்டுப்படி ஏறும்போதும் கேட்டது ஒன்றுதான்: "தம்பிக்கு மண்ணு போட்டியாய்யா?" கணவரின் கல்லறையிலிருந்து எடுத்த மண்ணை ஒரு பால்பவுடர் டப்பாவில் அடைத்துக் கொடுத்திருந்தார். அந்த டப்பா அண்ணாச்சியின் பெட்டியில் வருஷக்கணக்காகக் கடல் கடலாகச் சுற்றியது. கப்பல் அந்த முனையைக் கடந்து போகுமே தவிர நிற்காது. போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் முடிந்தது.

சூயஸ் கால்வாய் மறுபடியும் திறந்த பிறகு நாங்கள் போன ஒரு பயணத்தில் எங்கள் கப்பலுக்கு இஞ்சின் கோளாறு. கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் கட்டிப் போட்டார்கள். இன்னும் இரண்டு நாளில் புறப்பாடு என்ற நிலையில் அண்ணாச்சி ஒருநாள் லீவு கேட்டார். லீவே கேட்காத மனிதர்! காலையில் பார்த்தால் முகச்சவரம், வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், தோளில் மஞ்சள் பை. எனக்குப் போதாதா? அடுக்களைக்கு ஓடினேன். சாரங்குக்கு இந்த ஊரில் ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறாள், மஞ்சள் பையில் அவளுக்குச் சேலை இருக்கிறது என்று அறிவித்தேன். நிறம்கூடச் சொன்னேன் என்று சூசை இப்போதும் சொல்லுகிறார். அப்புறம் ஏணிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவரைத் துரத்திப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, நானும் வாரேன். தனியா எதுக்குப் போறிய?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாரதுன்னா வா. வாய மட்டும் கப்பல்ல வச்சிட்டு வா."

வாடகைக்கார் பேசினோம். டிரைவர் நம் ஊர் உப்பு வியாபாரிபோல மீசையும் தொந்தியுமாக இருந்தார். வழியெல்லாம் கடல். திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்குப் போகிற மாதிரியே சாலை கடலைவிட்டு விலகுவதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்வதுமாகப் போயிற்று. பனைமரம்தான் இல்லை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி அண்ணாச்சி பூ வாங்கினார். நான் டிரைவரைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். டிரைவரும் சிமிட்டினார். பாஷை தெரியாவிட்டாலும் சில விஷயங்களில் உலகம் ஒன்றுதான்.

ஒரு வளைவு திரும்பியதும் தூண்கள் தெரிந்தன. அண்ணாச்சி தொப்பியைக் கழற்றினார். செருப்பையும் கழற்றினார்.

"கோயிலுக்குப் போறம்லா. நீயும் கழட்டு."

இரண்டு பேரும் செருப்பை வண்டியில் விட்டுவிட்டு இறங்கினோம். உச்சிவெயில். கீழே கல்லும் முள்ளும். வெள்ளைக்காரப் பயணிகள் சப்பாத்துக் காலோடு நடக்க, தூத்துக்குடியிலிருந்து வந்த இரண்டு பேர் சூட்டில் துள்ளித் துள்ளி ஏறினோம். ஒரு கிழவி எங்களைப் படம் எடுத்தாள். அவள் வீட்டுச் சுவரில் இன்றும் நான் ஒற்றைக்காலில் நிற்பேன் என்று நினைக்கிறேன்.

மேலே போய்ப் பார்த்தால் கூரை இல்லை. பீடம் இல்லை. மணி இல்லை. திரி ஏற்ற இடம் இல்லை. தூண்கள் மட்டும் நின்றன. தூண்களுக்கு நடுவே காற்று வீசியது. எப்போதோ இருந்து மறைந்துபோன ஜனங்கள் தங்கள் கடல்சாமிக்குக் கட்டியதாம். பலகையில் எழுதியிருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். அண்ணாச்சி தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏலே, கல்லறைத் தோட்டம் எங்கன இருக்கு?"

"கல்லறையா? யாருக்கு அண்ணாச்சி?"

அப்போதுதான் சொன்னார். மஞ்சள் பையிலிருந்த டப்பாவைக் காட்டினார். அவர் ஊரில் கோயில் என்றால் பின்னால் கல்லறை இருக்கும். எல்லாக் கோயிலுக்கும் அப்படித்தான் என்று நம்பி வந்திருந்தார். அங்கே ஒரு மூலையில் மண்ணைப் போட்டு, பூவை வைத்து, கோயில்பிள்ளையிடம் சொல்லித் துக்கமணி அடிக்கச் செய்வது அவர் திட்டம். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் நிறம் சொன்ன சேலை அந்த டப்பாதான்.

எங்கள் பின்னாலேயே ஏறி வந்த டிரைவர், அண்ணாச்சி கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டுக் கீழே கையைக் காட்டினார். பாறை மறைவில் வெள்ளையடித்த சின்னக் கோயில் ஒன்று இருந்தது. சிலுவை இருந்தது, கூரையும் இருந்தது. "அங்கன போவோம் அண்ணாச்சி" என்றேன். அவர் கீழேயும் பார்த்தார், கடலையும் பார்த்தார்.

"கடல்ல கெடக்கவனுக்கு இந்தத் தூணுதாம்லே தெரியும். அந்தக் கோயிலு பாறைக்குப் பின்னால இருக்கு. ராயப்பனுக்கு அது எங்கன தெரியப்போவுது?"

"அப்ப இங்கனயே போட்டுருங்க."

"சாமியார் மந்திரிக்காத எடம்லா."

"சாமி கோவிச்சுக்காது அண்ணாச்சி. எங்க சாமி மாதிரி ஏதோ ஒரு சாமிதான்."

"சாமி கோவிச்சுக்காதுலே. அம்மா கோவிச்சுக்குவா."

பிறகு பூவை மட்டும் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, டப்பாவை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். அவருடைய முதுகு அன்றுதான் முதல்முறையாக எனக்குக் கிழவன் முதுகாகத் தெரிந்தது.

வாசலில் காவல்காரர் மறித்தார். கல்லைப் பெயர்த்துப் போகிறவர்களைப் பிடிக்கத்தான் அவரை அங்கே வைத்திருந்தார்கள்போல. பையை வாங்கினார். டப்பாவைத் திறந்தார். உள்ளே மண்! கிரேக்கத்தில் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், மேலே நின்ற பயணிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் இங்கிலீஷில் விளக்கினேன். அவருக்கு என்னைவிட இங்கிலீஷ் குறைவு, எனக்கே குறைவுதான். சரி, நடித்துக் காட்டலாம் என்று கையைக் காலை உதறிக் கடலில் ஒருவன் முழுகுவதைக் காட்டினேன். அவர் இன்னும் கோபமானார். அண்ணாச்சியின் கையைப் பிடித்து மேலே அழைத்துப்போனார். கடலைப் பார்த்த ஓரத்தில், கடைசித் தூணின் அடியில் நிறுத்தினார். டப்பாவை அவர் கையில் கொடுத்துத் தரையைக் காட்டினார். எடுத்த மண்ணை இங்கே போடு!

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே முருவேசா, போடச் சொல்லுதாரு."

"போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

கவிழ்த்துக் கொட்டுவார் என்று காவல்காரர் எதிர்பார்த்திருப்பார். அண்ணாச்சி முழந்தாளிட்டார். ஒரு பிடி எடுத்தார், உதட்டில் ஒற்றினார், போட்டார். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. "அப்பா மண்ணு ராயப்பா. அம்மா குடுத்துவிட்டா" என்றார். தரையைக் காட்டிக்கொண்டிருந்த காவல்காரரின் விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அவருக்கு என்ன புரிந்ததோ. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிகரெட் பற்றவைக்கக் காற்றோடு மல்லுக்கட்டினார். அந்தக் காற்று பாதி மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. மிச்சத்தில் கொஞ்சம் என் வாய்க்குள் போட்டது. வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போதுதான் அதிசயம். சந்தியாகு அண்ணாச்சி பேசினார். பிரேயஸ் வரும்வரை, மூச்சுவிடாமல், என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் பேசினார். எல்லாம் ராயப்பன். சவேரியார் திருநாளுக்குத் தைத்த சட்டையை ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் பூசைக்கு வெற்றுடம்போடு வந்த ராயப்பன். கோயில் பாட்டுக் கூட்டத்தில் எல்லாரும் முடித்த பிறகும் ஒரு வரி அதிகம் பாடும் ராயப்பன். அவன் சிரித்தால் சத்தம் வெளியே வராதாம், உள்ளேதான் போகுமாம். மூச்சை இழுத்து இழுத்து, விக்கல் மாதிரி. அண்ணாச்சி அதைச் செய்து காட்டினார். டிரைவர் சிரித்தார். அண்ணாச்சி இன்னொரு தடவை செய்தார். "என்னென்னவோ நெனப்பு வருதுலே" என்றார். "இத்தன வருசமும் அவன் விழுந்ததுதாம் நெனப்பு வரும்."

ஊருக்கு வந்ததும் அவரோடு நானும் மணப்பாட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை; நான் எங்கேயும் கூப்பிட்டுப் போனவனில்லை. அம்மா வாசலிலேயே கேட்டார்.

"தம்பிக்கு மண்ணு போட்டியாய்யா?"

"போட்டேம்மா."

"எங்கன போட்ட?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "கோயில் ஓரத்துல. கடலப் பாத்தாப்புல. அங்கன இருக்க கோயில்காரரே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, இங்கன போடுன்னு எடம் காட்டுனாரு."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "எடம் காட்டுனாரா? அப்ப அவுகளுக்கு நம்ம ராயப்பனத் தெரிஞ்சிருக்கு."

"ஆமாம்மா" என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். அதற்கப்புறம் அந்த அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது அண்ணாச்சி.

அவரிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால் காட்டுவதற்குப் பொருள் எதுவும் இல்லை. ராயப்பனின் சிரிப்பு இருக்கிறது. ராயப்பனை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவனுடைய அண்ணன் வாடகைக்காரின் பின் இருக்கையில் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்துக் காட்டியதைக் கண்டேன். அதை யாரிடமும் செய்து காட்டவில்லை. நான் பரப்பாமல் வைத்திருக்கும் ஒரே சங்கதி அதுதான். வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் செய்து பார்க்கிறேன். சரியாக வரவில்லை. "அப்படி இல்லலே, இப்பிடி" என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.