ஆளில்லாத வண்டியில் கொய்யா விற்ற கதை

ஓடுகிற ரயிலில் கொய்யா விற்கிறவளுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: எந்தப் பெட்டியில் பசி ஏறுகிறது, எந்தப் பெட்டியில் டிக்கெட் செக்கிங் ஏறுகிறது. மற்றதைக் கூடை பார்த்துக்கொள்ளும். நீங்களும் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துத் தொங்கிக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறவர்கள்தானே? உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஆவடிக்கு அப்பால் மெயின் லைனை விட்டுப் பிரிந்து, ஏரிக்கரையும் பிளாட்டும் குடோனுமாகப் போகுமே எங்கள் ஒற்றைத் தண்டவாளம், அதை மூடிவிட்டார்கள். காலையில் ஒரு வண்டி, சாயந்தரம் ஒரு வண்டி. அதுவும் யார் கண்ணையோ உறுத்தியிருக்கிறது.

கை மாறின பிள்ளை

எங்கள் தெரு லூர்துமேரி குடோனில் பெட்டி ஒட்டுகிறாள். புருஷன் இல்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வேன் வந்து நிற்கும். மகள் ஜெசிக்கு ஆவடியில் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. அதனால் தினமும் பிள்ளையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் வேன் ஏறுவாள், நான் கூடையும் பிள்ளையுமாக ரயில் ஏறுவேன்.

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நான் பெட்டி மாறி விற்கிற நேரத்தில் ஜெசி லேடீஸ் பெட்டியில் இருப்பாள். அங்கே ஒருத்தி சடை பின்னுவாள். ஒருத்தி வாய்ப்பாடு கேட்பாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருத்தி நகத்தைப் பார்த்துத் திட்டுவாள். ஆவடியில் இறங்கும்போது பிள்ளைக்கு வாயில் யார் வீட்டு இட்லியோ, நெற்றியில் யார் பூசின விபூதியோ. லூர்து ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "காலீல சிலுவ போட்டு அனுப்புறேன், சாயங்காலம் பட்டையோட வருது. இருக்கட்டும்க்கா, ரெண்டு பேருமே பாத்துக்கட்டும்" என்றாள்.

சமோசா ஆறிப்போச்சு

எங்கள் வண்டியில் ஒரு ஏற்பாடு உண்டு. செக்கிங் ஏறினால், முதலில் பார்க்கிற வியாபாரி நேராகச் சொல்லமாட்டான். சமோசா விற்கிற பாஷா, "சமோசா ஆறிப்போச்சே!" என்று கத்துவான். அந்தக் குரல் கேட்டால் லைசென்ஸ் இல்லாத நாங்கள் கூடையோடு இறங்குவோம். சீசன் டிக்கெட் முடிந்தும் புதுப்பிக்காதவர்கள் இறங்குவார்கள். சீசன் வைத்திருக்கிறவர்களும் இறங்குவார்கள். அது ஏன் என்று கேட்காதீர்கள்; நாலு பேர் ஓடினால் நாமும் ஓடுவது உடம்போடு பிறந்த பழக்கம்.

ஒருநாள் காலை வெள்ளைச் சட்டை, ஷூ, தோளில் பை, கையில் அட்டையோடு ஒருத்தர் ஏறினார். பாஷா கத்தினான். அடுத்த ஸ்டேஷன் வந்ததும் ஜனம் பிளாட்பாரம் இல்லாத பக்கமாகத் தொபுக்கு தொபுக்கென்று குதித்தது. நானும் ஜெசியை இழுத்துக்கொண்டு குதித்தேன். வண்டி காலியாகப் போனது; நாங்கள் தண்டவாளத்தோரமாக நடந்து லேட்டாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த மனுஷன் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து என்னவோ எழுதிக்கொண்டே போனார்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். படைக்கலத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்து வருகிற கணேசன், திருநெல்வேலிக்காரர், எங்களுக்காகச் சத்தமாக வாசித்தார். நேரில் எண்ணிப் பார்த்ததில் போதிய பயணிகள் இல்லையாம். மாசக் கடைசியோடு வண்டியை நிறுத்துகிறார்களாம். அன்றைக்கு வந்தவர் செக்கிங் இல்லை, ஆள் எண்ண வந்தவர் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கணேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்தவன் நம்மள எண்ண வந்தாம்லா, நாம எல்லாரும் குதிச்சுக் காட்டிட்டோம்" என்றார்.

வேறு டிபார்ட்மென்ட்

சரி, குதித்தது நாங்கள்தான். ஆனால் ஒரே ஒருநாள் வந்து எண்ணிவிட்டு வருஷக்கணக்கை முடிக்கிறது என்ன நியாயம்? லூர்து லீவு போட்டாள். இரண்டு பேரும் ரயில்வே ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உட்கார வைத்துவிட்டு, "எண்ணினதை விடுங்கம்மா, உங்க கடைசி ஸ்டேஷன்ல ஒரு டிக்கெட்கூட விக்கலியே" என்றார்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. அந்த ஸ்டேஷன் கவுன்ட்டரை மூடி எவ்வளவோ காலம் ஆகிறது. ஷட்டரில் குளவி கூடு கட்டியிருக்கிறது. ஆவடியில் போய் எடுங்கள், இல்லை போனில் எடுங்கள் என்றார்கள். என் போனில் பேசத்தான் முடியும். நான் வாயைத் திறப்பதற்குள் லூர்து முந்திக்கொண்டாள்: "கடையப் பூட்டிட்டு வியாபாரம் இல்லன்றீங்க. பூட்டுனது யாரு சார்?" அவர் மின்விசிறியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அது வேற டிபார்ட்மென்ட்ம்மா."

பாதிப் பிள்ளை

பஸ் இருக்கிறதே, ஷேர் ஆட்டோ இருக்கிறதே என்று சொல்லியனுப்பினார்கள். சொன்னவர்கள் ஒருநாள் வந்து ஏறிப் பார்க்கவேண்டும். ரயில் நிற்பதற்குள் பார்த்துவிடலாம் என்று ஒரு திங்கட்கிழமை ஜெசியைக் கூட்டிக்கொண்டு நடந்தே ஹைரோடு போனேன். லாரி லாரியாகப் போகிறது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன், கூடையில் இருந்து பழம் உருண்டது. வந்த பஸ் நிற்கவில்லை. வந்த ஆட்டோவில் மூச்சு விட இடமில்லை. டிரைவர் பிள்ளையைத் தன் பக்கத்தில் ஒட்டி உட்கார வைத்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் காற்றில்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, பிரேயரும் முடிந்திருந்தது. "ஏம்ப்பா, பச்சப்புள்ள வெளில தொங்குதேன்னு ஒனக்குப் பதறல?" என்று இறங்கும்போது கேட்டேன். அவன் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னான்: "அரை டிக்கெட்தான குட்த்த, பாதிப் புள்ள உள்ள கீதுல்ல, அப்புறம் இன்னா?"

அன்றைக்குச் சாயந்தரம் லூர்துவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், திண்டிவனம் பக்கம் சிஸ்டர்கள் நடத்துகிற ஆஸ்டலில் இடம் கேட்டிருப்பதாகச் சொன்னாள். நான் ஏதேதோ மறுத்துப் பேசினேன், லூர்து கேட்கவில்லை. "அங்க அவ என்னப் பாக்காம அழுவா, அவ்ளோதான்க்கா. இங்க ரோட்ல உட்டா நான் யாரப் பாத்து அழுவுறது?"

கடைசி வண்டி

கடைசி நாள் வந்து பார்த்திருக்கவேண்டும் நீங்கள். ஆளில்லாத வண்டியாம்! பூந்தமல்லியில் இருந்தும் அம்பத்தூரில் இருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்து குவிந்துவிட்டார்கள். கையில் கேமரா, தோளில் குழந்தை. எஞ்சினுக்கு மாலை, ஜன்னலுக்கு பலூன். கணேசன் வழக்கமாக உட்காருகிற இடத்தில் ஒருத்தர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்காரப் பெண் நின்றுகொண்டே வந்தாள். "சமோசா சூப்பர்" என்று சாப்பிட்டுவிட்டு, பாஷாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படம் பிடித்தார்கள்.

லேடீஸ் பெட்டியில் ஒரு அம்மா தன் பையனை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார். அது ஜெசி உட்காருகிற ஜன்னல். யாருடைய இடம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல அம்மாதான். ஜெசியைப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்தி, சாக்லேட் கொடுத்தார். "இவ்ளோ அழகான ரயிலு, இவ்ளோ கூட்டம். இதப் போய் நிறுத்துறாங்களே, மனசே கேக்கல" என்றார். ஜெசி சாக்லேட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் பெட்டி கட்டி ஆஸ்டலுக்குக் கிளம்பவேண்டிய பிள்ளை. "அந்த மாமா எண்ண வந்தாரே, அன்னிக்கு நீங்க வந்திருக்கலாம்ல ஆன்ட்டி?"

இப்போது மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் லூர்துவும் ஒரு பை கொய்யாவோடு மூன்று பஸ் மாறி அந்த ஆஸ்டல் வாசலுக்குப் போய் வருகிறோம். சுத்த நஷ்டத்தில் ஓடுகிற சர்வீஸ்தான், ஆனால் இதை நிறுத்த எந்த டிபார்ட்மென்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது.