நாலாவது ஸ்க்ரூ

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறுபது கருவிகளுக்கும் இரண்டு பேருமாகப் பிசிறு ராவி முடித்தார்கள். அம்மா அரம் பிடித்தாள். மகள் துடைத்து அடுக்கினாள். ஞாயிறு காலை அம்மா இல்லை. மாரடைப்பு என்றார்கள். மகள் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்துத் தெருக் கம்பெனிக்காரன்தான் கொன்றான் என்று அவளுக்கு எண்ணம்.

அம்மா தையல் மெஷின் மெக்கானிக். தடித்த துணியோ மெல்லியதோ, ஓரத்தைத் தானே மடித்துக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்றை அவளே யோசித்துச் செய்தாள். அதன் பெயரைப் பதிவு செய்து, சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டினாள். பக்கத்திலேயே டிப்ளமோ படித்த மகள் வரைந்த பெரிய படம். படத்தில் நாலு ஸ்க்ரூ, கருவியில் மூன்றுதான்.

"இஞ்சினியரம்மா, நாலாவது உன் மண்டையிலேர்ந்து கழண்டதா?"

"குடும்மா, திருத்தித் தரேன்."

"கிடக்கட்டும் போடி."

வருகிறவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டி, உள்ளே எது எப்படி அசைகிறது என்று இரண்டு வருஷம் விளக்கினாள். கம்பெனிக்காரனும் வந்தான், டீ குடித்தான், போனில் படம் பிடித்தான். ஆறே மாதத்தில் அதே கருவி வேறு பெயரில் கடைக்கு வந்துவிட்டது.

போன வாரம் வக்கீலம்மா சான்றிதழைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது பேருக்கு மட்டும்தாம்மா காவல். அவன் உங்க பேரைத் தொடவே இல்லையே. வேலைப்பாட்டுக்குப் பேட்டன்ட், உருவத்துக்கு டிசைன் பதிவு. ரெண்டுக்கும் வெளியில காட்டறதுக்கு முன்னாடியே மனு போட்டிருக்கணும். ரகசியம்னு சொல்லவும் வழியில்ல, ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருக்கீங்க."

"வாங்கினவங்க ரிப்பேர்னா அவங்களே பாத்துக்கணும்ல? அதுக்குத்தான் காட்டினேன்" என்றாள் அம்மா.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரன் விற்கிற கருவியின் பெட்டியிலிருந்த விளக்கத்தாளை மேஜையில் வீசினாள். வக்கீலம்மா அதையும் கருவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"படத்தில நாலு ஸ்க்ரூ இருக்கே? யார் போட்ட தப்பு?"

"நான்தான்."

"வரைஞ்ச படம் வரைஞ்சவங்க சொத்து, பதிவே வேண்டாம். தப்போட சேத்துத் திருடியிருக்கான். கருவியை நிறுத்த முடியாது. ஆனா இந்தத் தாளுக்கு அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். தேதி போட்ட அசலைத் திங்கக்கிழமை கொண்டாங்க."

அம்மா வழியெல்லாம் சிரித்தாள். "என் பொண்ணோட தப்பு. நானே தூக்கிட்டுப் போறேன்."

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்காரன் துக்கம் கேட்கப் பட்டறைக்கு வந்தான். "உங்கம்மாவுக்கு என்ன மூளை!" என்றான்.

"தெரியும். அதைத்தானே பொட்டியில போட்டு விக்கறீங்க."

அவன் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் அந்தப் படம் சுருட்டி வைத்திருந்தது, ரப்பர் பேண்டு போட்டு. மேலே அம்மாவின் பென்சில் எழுத்து: திங்கள், வக்கீல்.