வீட்டுக்குள் மட்டும் ஓடிய வேன்

பள்ளிக்கூட வேன் ஓட்டுவதில் கஷ்டமான பகுதி ஓட்டுவது அல்ல, பதில் சொல்வது. எங்கள் தெரு வேன்காரரின் போன் காலையில் அடிக்க ஆரம்பித்தால் கடைசிப் பிள்ளை ஏறும்வரை ஓயாது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எங்க வந்துட்டிருக்கீங்க?" எடுத்துப் பதில் சொன்னால், வண்டி ஓட்டும்போது பேசுகிறார் என்று புகார். எடுக்காவிட்டால், போனையே எடுப்பதில்லை என்று புகார். இரண்டையும் கொடுத்தவர் ஒரே ஆள், பெற்றோர் சங்கத் தலைவரான பல் டாக்டர். எதிராளி வாயைத் திறந்தாலும் பதில் பேச முடியாது என்ற தொழில் பழக்கத்தில், இந்த மாதக் கூட்டத்துக்குள் ஒரு வழி பண்ணாவிட்டால் வேறு வேன் பார்ப்போம் என்று அறிவித்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு அந்த வேனை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

வழி பண்ணக் கிளம்பியவர் வேன்காரரின் மனைவி. இந்தச் சரித்திரம் அவருடையது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் பாலிசிகளின் பொடி எழுத்தைப் பிழை பார்த்தவர். வேலை போனது, வியாதி போகவில்லை. மிக்சி வாங்கினால்கூட, கையேட்டைப் படித்து முடிக்கும்வரை அது பெட்டியை விட்டு வெளியே வராது. 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தை, நிபந்தனைகளைப் படித்துவிட்டு அழுத்திய ஒரே மனிதப் பிறவி அவர்தான் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

தையல் மெஷின்மேல் பழைய கம்ப்யூட்டரை ஏற்றி, இணையத்தில் பார்த்துப் பார்த்து அவர் ஒரு இணையப் பக்கம் தயாரித்தார். அந்தப் பக்கத்தில் ஊரின் வரைபடம், அதன்மேல் வேன்காரரின் போன் போகும் வழியெல்லாம் வேனாக நகரும் ஒரு மஞ்சள் புள்ளி. வரைபடம் தரும் கம்பெனி கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடாது. முதலில் கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத நீளத்தில் ஒரு குறியீடு தருவார்கள். பக்கம் ஒவ்வொரு முறை படம் கேட்கும்போதும் அதைக் காட்ட வேண்டும். 'யார் நீ?' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

குறியீட்டின் கீழே பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை: அடுத்தவர் இதை எடுத்துப் பயன்படுத்தினால் பொறுப்பு உங்கள் தலையில், ஆகவே எங்கிருந்து கேட்டால் படம் கொடுக்கலாம் என்று கட்டுப்பாடு போடுங்கள். பொடி எழுத்து என்றால் அம்மையாருக்குக் கேட்கவா வேண்டும்? இருப்பதிலேயே கறாரானதைத் தேடிப் பிடித்து, தம் வீட்டு இன்டர்நெட் இணைப்பின் எண்ணைக் கொடுத்தார். இங்கிருந்து கேட்டால் மட்டும் கொடு! படம் பளிச்சென்று வந்தது. பெற்றோர் அனைவருக்கும் செய்தி பறந்தது.

மறுநாள் காலையில் அம்மையாரின் போன் அடித்தது.

"அக்கா, ஒரே சாம்பல் கட்டமா இருக்கு. அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு."

"இங்க நல்லாத் தெரியுதேம்மா!"

சொல்லியிருக்கக் கூடாது. வேன்காரர் வீட்டில் தெரிகிறதாம் என்ற சேதி பரவி, பெற்றோர் அங்கேயே வந்துவிட்டார்கள். பாதி ஷேவிங்கோடு ஒருவர், ஒற்றைச் செருப்போடு ஒருவர். பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டு இங்கே ஓடி வருவது, புள்ளி தங்கள் தெருப்பக்கம் திரும்பியதும் விழுந்தடித்துத் திரும்ப ஓடுவது. விஞ்ஞானத்தின் பலனை இவ்வளவு உடற்பயிற்சியோடு வேறெந்தச் சமுதாயமும் அனுபவித்திருக்காது.

எதிர்வீட்டு நர்சுக்கு மட்டும் மூளை வேலை செய்தது. வேன்காரர் வீட்டு வைஃபையைத் தன் போனில் வாங்கிக்கொண்டாள். படம் வந்தது. தெருமுனைக்குப் போய்த் திறந்தாள். சாம்பல்.

"அக்கா, உங்க வைஃபை இருக்கிற வரைக்கும் வண்டி ஓடுது. அதைத் தாண்டினா உயிரை விட்டுடுது!"

அம்மையார் தலையில் கை வைத்தார். "ஐயையோ! வீட்டை விட்டு வெளிய வராதேன்னு நான்தானேடி சொல்லி வச்சேன்!"

படம் கேட்பது அவர் வீடு இல்லையே, பெற்றோரின் போன்கள் அல்லவா? எந்த வீட்டிலிருந்து கேட்கிறார்கள் என்று பார்த்துப் பயனில்லை, எந்த இணையப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பை அடித்துவிட்டு, தம் பக்கத்தின் இணைய முகவரியை எழுதினார். மாற்றம் பலிக்கச் சில நிமிடங்கள் ஆகும் என்றது பொடி எழுத்து. இருவரும் தெருமுனையில் போய் நின்றார்கள். திறந்தார்கள், சாம்பல். மறுபடி, சாம்பல். "இது ஆகறதில்லக்கா," என்று நர்ஸ் சொல்லி வாய் மூடுவதற்குள் தெருக்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. நடுவில் மஞ்சள் புள்ளி.

அடுத்த நாள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும் வேன்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். குரலில் கலவரம்.

"ஏம்மா, காலையிலேருந்து ஒருத்தர்கூட கூப்பிடலயே. வேற வேன் பார்த்துட்டாங்களா?"

"எல்லாரும் புள்ளியைப் பார்த்துட்டு இருக்காங்க. டாக்டர் இப்பத்தான் பேசினாரு. கூட்டத்துல பேச ஒண்ணுமில்ல, அடுத்த வருஷமும் நீங்கதான்னுட்டாரு."

அந்தப் பக்கம் பெருமூச்சு.

"இன்னொண்ணும் கேட்டாருங்க."

"என்னவாம்?"

"வண்டி இவ்வளவு நேரமா டீக்கடை வாசல்லயே நிக்குதே, பஞ்சரான்னு கேட்டாரு."

போன் கட்டானது. கம்ப்யூட்டரில் மஞ்சள் புள்ளி அவசர அவசரமாகக் கிளம்பியது.