சீல் வைத்த கம்ப்யூட்டர்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். துறைமுகத்து யார்டில் கன்டெய்னருக்குத் துரு சுரண்டுகிற வேலையில் சேர்ந்தேன். வேடிக்கை பார்த்தே வெல்டிங் பிடித்தேன். சொந்தப் பட்டறை போட்டு, ஓட்டையும் ஒடுக்குமாக வந்த எத்தனையோ பெட்டிகளை மறுபடி கப்பல் ஏற வைத்தேன். காலடிப்பேட்டையில் மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைக் கல்லூரியில் படிக்க வைத்தேன். யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த ஒரு கன்டெய்னரை வெட்டி, ஜன்னல் வைத்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேம் சென்டர் திறந்தேன். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல். இத்தனையும் என் இரண்டு கையால் ஆனது. ஆனால் இப்போது நான் எழுத உட்கார்ந்தது இரண்டு சாண் அகலத் தகரம் ஒன்றைப் பற்றி. என் மச்சானின் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அதை மாட்டியிருக்கிறான். பழைய கம்ப்யூட்டரின் பக்க மூடி அது. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. கீழே ‘எங்கள் முதல் கம்ப்யூட்டர்’ என்று எழுத்து. அந்த ‘எங்கள்’ யார் யார் என்றுதான் எழுதவில்லை.

மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. அப்போது அவன் ரிச்சி தெருவில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பூட்டுகிற வேலையில் இருந்தான். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டான். பேசாதவனை நான் எப்போதுமே இரண்டு தடவை பார்ப்பேன். புது நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். என் சென்டருக்கு எதிரிலேயே ஏசி போட்ட புது சென்டர் ஒன்று வந்தது. ஷிப்ட் முடிந்து வருகிற கம்பெனி ஆட்களும், யார்டில் லோடுக்குக் காத்திருக்கும் லாரிக்காரர்களும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த கார் ரேஸ் என் மெஷினில் ஓடவே இல்லை. கார் ஓர் இடத்தில் நிற்கும், கண் மூடித் திறந்தால் வேறு இடத்தில் இருக்கும். ஒரு லாரி டிரைவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “இன்னா நைனா, கேம்ல கூட எண்ணூர் ரோடு டிராபிக்கா வெச்சிக்கீற?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அன்றைக்கே மச்சானை வரச் சொன்னேன்.

அவன் மெஷினைத் திறந்து பார்த்தான். போர்டு, பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, பவர் பாக்ஸ் எல்லாமே மாற வேண்டும், பெட்டி மட்டும் இருக்கட்டும் என்றான். உள்ளே இருப்பது எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாத சாமானை ஒருவன் கையில் கொடுக்கிறபோது எனக்கு உடம்பெல்லாம் கண்ணாகிவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. யார்டில் நான் என் கண்ணால் பார்த்தது: கதவில் போட்ட சீல் அப்படியே இருக்கும், அதன் நம்பர் சரியாக இருக்கும், உள்ளே சாமான் பாதி இருக்காது. சீலைத் தொடாமல் கீலின் போல்ட்டைக் கழற்றிக் கதவையே எடுத்திருப்பார்கள். அதைப் பார்த்தவன் பெண்டாட்டியின் தம்பி என்பதற்காக யாரையும் நம்பிவிட மாட்டான்.

அதனால் என் தொழில் முறைப்படி செய்தேன். கன்டெய்னரில் பழுதைக் குறிக்கிற மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒவ்வொரு சாமானின் ஓரத்திலும் முக்கோணம் போட்டேன். அவன் பூட்டி முடித்ததும் மூடியின் விளிம்பில் இரண்டு துளை போட்டு, கம்பி கோத்து, நம்பர் குத்திய ஈய சீல் வைத்து நசுக்கினேன். ஸ்க்ரூ இருந்த இடத்திலெல்லாம் ரிவிட் அடித்தேன். பக்கத்தில் இருந்த கீற்றுத் துளைகள், பின்னால் காலியாக இருந்த சந்துகள் எல்லாவற்றையும் தகரம் வைத்து அடைக்கும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

“மாமா, அத்த அடைக்காத. உள்ள இருக்கிறதெல்லாம் சூடாவுற சாமான். காத்து போவணும்.”

“காத்து போற சந்துல கையும் போவும் மச்சான்” என்றேன்.

அவன் அதற்குமேல் பேசவில்லை. அப்படி அவன் பேசாமல் போனதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன். கன்டெய்னருக்கு ஒரு சோதனை உண்டு. ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டும். எங்கேயாவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி தேறாது. இந்தப் பெட்டிக்குள் ஆள் போக முடியாது. அதனால் மூடுவதற்கு முன்னாலேயே உள்ளே சின்ன டார்ச் ஒன்றை எரியவிட்டு, மூடியைச் சாத்தி, தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்திருந்தேன். எங்கே வெளிச்சம் கசிந்ததோ அங்கெல்லாம்தான் தகரம் வைத்தேன். பவர் பாக்ஸின் சின்ன விசிறி ஒன்றுதான் பாக்கி. மழையில் மிதந்தாலும் தண்ணீர் போகாத பெட்டி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் வாரம் கார் ரேஸ் வெண்ணெயாக ஓடியது. எதிர் சென்டரிலிருந்து பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். வெயில் ஏற ஏறக் கதை மாறியது. காலையில் நன்றாக ஓடும். மத்தியானம் பத்து நிமிஷம் போனால் கார் திக்கும், திரையில் கோடு விழும், கடைசியில் மெஷின் தானாக அணைந்து எழும். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. நான் யார்டுக்குப் போன நேரத்தில் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு பழையதை உள்ளே வைத்துவிட்டான். அவன் ஒருநாள் என் சென்டரிலிருந்து துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கேட்டதற்கு, கழற்றிய பழைய சாமான் என்றான். சீல் அப்படியே இருந்தது, நம்பரும் சரியாக இருந்தது. அதுவே என் சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது. கீல் போல்ட் எங்கே என்றுதான் என் கண் தேடியது.

அந்த நேரம் பார்த்து மளிகைக் கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். அவருக்குச் சொந்தமான கடை அறை ஒன்று பக்கத்துத் தெருவில் காலியாக இருந்தது. மச்சான் அங்கே சொந்தமாகக் கடை போடக் கேட்டிருந்தான். “ஆளு புதுசு. நம்பலாமா, அதை மட்டும் நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தை எனக்குப் போதும்” என்றார். “ஒரு வாரம் பொறுங்க அண்ணாச்சி” என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மச்சினனைப் பற்றி ஒருவன் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று கடைத்தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டே நாளில் அந்த அறையை ஒரு தையல்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கும் செய்தி வந்தது. என் மனைவி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஒரே வார்த்தை கேட்டாள். “அவன் திருடன்னா கூடப் பொறந்த நானும் திருடிதானே? எனக்கும் ஒரு சீல் வெச்சிடு.” அதன் பிறகு நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மச்சான் அதே துணிப்பையோடு சென்டருக்கு வந்தான். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை அவன். என் கட்டிங் பிளேயரை எடுத்து என் கையிலேயே கொடுத்தான். “சீலு நீ போட்டது. நீயே வெட்டு. ஒரு சாமான் மாறிக்கீதுன்னா நான் இந்தத் தெரு பக்கமே வரமாட்டேன்” என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சீலை வெட்டினேன். ரிவிட்டைத் துளைத்து எடுத்தேன். மூடியைப் பிடித்த கை சுட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போர்டில் முக்கோணம் இருந்தது. ராமில் இருந்தது. கார்டைக் கழற்றித் திருப்பினேன், அதிலும் இருந்தது. என் கைக்கோணல் எனக்குத் தெரியும். வேறு ஒருவன் அப்படிப் போட முடியாது. கீழே வைத்த மூடியை மறுபடி எடுத்தேன், இன்னும் சுட்டது. சித்திரை மாசத்து யார்டில் சாத்தி வைத்த கன்டெய்னரின் கூரை அப்படித்தான் சுடும். அதற்குள் வேலை செய்கிறவன் பத்து நிமிஷத்தில் கை சோர்ந்து, பிறகு மயங்கி விழுவான். மெஷினும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. பெட்டியை மூச்சு விட முடியாதபடி கட்டியவன் நான்.

அவன் “அன்னிக்கே சொன்னேனே” என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். நான் மூடியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, சுற்றிலும் துளை துளையாக டிரில் போட்டு, உளியால் தட்டி எடுத்து, அரத்தால் ராவினேன். அவன் பையில் இருந்த பழைய பவர் பாக்ஸின் விசிறியைக் கழற்றிக் கொடுத்தான். அந்தப் பையில் உண்மையிலேயே பழைய சாமான்தான் இருந்தது. துறைமுகத்திலிருந்து பறந்து வருகிற நிலக்கரித் தூள் போகாமல் இருக்கக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஓட்டையில் வைத்து விசிறியைப் பூட்டினேன். பின்னால் அடைத்த தகரங்களையும் நானே பிடுங்கினேன். ஒயர் கனெக்‌ஷன் கொடுத்தது அவன். அன்று சாயங்காலம்வரை கார் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. எதிர் சென்டர்காரரே வந்து குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்.

இருட்டுவதற்கு முன்னால் அண்ணாச்சி கடைக்கு நடந்தேன். “நம்பலாம்” என்று மட்டும் சொன்னேன். தையல்காரருக்கு அவர் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. அறை மச்சானுக்குக் கிடைத்தது. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் அதற்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இன்றைக்குவரை நான் வாங்கிக் கொடுக்கிற டீயைக் குடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பான். அதையும் நான் குறித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது அவனுக்கு மூன்று கடை. பக்கமெல்லாம் கண்ணாடி வைத்து, ஏழெட்டு விசிறி சுழல, கலர் கலராக எரிகிற பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறான். அவற்றில் விசிறி வைத்த இடத்திலெல்லாம் ஓட்டை இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு மார்பு விரிகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போன வாரம் போயிருந்தபோது சுவரில் மாட்டிய தகரத்தைக் காட்டி, என் பெயரையும் போடு என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

“இன்னான்னு போடறது மாமா? ஓட்ட போட்டது நீ. அடைச்சது யாரு?”

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். அவன் என் வாயை அடைக்கத்தான் அப்படிக் கேட்டான் என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு, கேட்டதில் தப்பில்லை என்று பட்டது. அதனால் மச்சான், இதை நீ படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். காற்று போக வேண்டும் என்று முதலில் சொன்னது நீ. அதைப் போட்டுக்கொள். அடைத்தது உன் அக்கா புருஷன். சீல் வைத்ததும் அவன்தான். ஓட்டை போட்டதும் அவன்தான். நான்கையும் அந்தத் தகரத்துக்குக் கீழே எழுது. ஒன்றை எழுதி ஒன்றை விடக் கூடாது. எழுதிவிட்டேன் என்று போனில் சொன்னால் நம்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன்.