கருடன் இறங்குகிற இடம்

பேய், சகுனம், தோஷம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. சிதம்பரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறேன், ராகு காலத்தில் திறந்தாலும் வியாபாரம் ஓடத்தான் செய்கிறது. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு மாதிரி பார்த்தால் கோபப்பட மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

என் அக்காவைக் கடலூர் கூத்தப்பாக்கத்தில் கொடுத்திருக்கிறோம். மாமா பஸ் கண்டக்டர், நல்ல உயரம், வண்டிக்குள் தலையைக் குனிந்தபடியேதான் டிக்கெட் கிழிப்பார். ஒரு நாள் அக்கா மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டு, காக்கா வராமலிருக்க மேலே நைலான் வலை கட்டியிருந்தாள், அதில் ஒரு கருடன் சிக்கிக்கொண்டது. வெள்ளைத் தலை, செங்கல் நிறச் சிறகு, கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே கருடன்தான். மாமா துண்டால் மூடிப் பிடித்து, வலையை அறுத்துப் பறக்க விட்டார். அது மேலே போய் ஒரு சுற்று சுற்றி வந்து அவர் மண்டையிலேயே அடித்துவிட்டுப் போனது.

அன்றிலிருந்து காலையில் மாமா மாடி ஏறினால் போதும், எங்கிருந்தோ வந்துவிடும். அக்காவை ஒன்றும் செய்யாது, பக்கத்து வீட்டுக்காரர்களைத் திரும்பியும் பார்க்காது. எனக்கு இது வேடிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் காக்கிச் சட்டையை நான் மாட்டிக்கொண்டு மாடி நடுவில் நின்றேன், அவர் தலையோடு துண்டு போர்த்திக்கொண்டு படிக்கட்டு ஓரமாக ஒண்டிக்கொண்டார். நம்பினால் நம்புங்கள், அது என்னைத் தாண்டிப் போய் அந்தத் துண்டின் மேல்தான் அடித்தது.

“காப்பாத்துனவனையே அடிக்குது பாரு மச்சான்” என்று மாமா சிரித்தார்.

“வாயக் கழுவுங்க. திருவந்திபுரம் பெருமாளோட வாகனம் அது. தொட்டுட்டுப் போவுது. எத்தினி பேருக்கு இது கெடைக்கும்?” என்று அக்கா திட்டினாள்.

அப்புறம்தான் மாமாவுக்குக் கிட்னி போனது. சிதம்பரத்துக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போவார், கூட்டிக்கொண்டு வருவதும் கொண்டு போய் விடுவதும் நான்தான். ஆள் உருமாறிப் போனார். முகம் வீங்கிக் கறுத்து, கண் உள்ளே போய், தலைமுடி கொட்டி. கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர், “யாருங்க நீங்க?” என்று கேட்டுவிட்டார். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கருடன் மட்டும் அவரை மறக்கவில்லை. நிற்க முடியாமல் போனபின் மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம், அது அவ்வளவு தாழ இறங்கி வந்து அடித்தது. பறவைகளுக்கு மனிதர் முகம் ஞாபகம் இருக்கும் என்கிறார்கள், இருக்கட்டும், ஆனால் அந்த முகம்தான் இல்லையே.

“அது அடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன் மச்சான்” என்பார் மாமா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மெட்ராசுக்குக் கொண்டுபோய் மாற்று கிட்னி வைத்துவிடுங்கள், தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் கொடுக்கிறேன் என்றேன், டெஸ்ட் எல்லாம் எடுத்து ஒத்தும் போனது. அக்காதான் பிடிவாதமாக நின்றாள். “பெருமாளே தெனம் வந்து பாத்துட்டுப் போறாரு. ஆடியில எவனாவது நல்ல காரியத்துக்குக் கெளம்புவானா? ஆவணி பொறக்கட்டும்டா” என்றாள். நான் கத்திப் பார்த்தேன். மாமாவும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஆடி முடியப் போகிற சமயம். நான் அங்கே இருந்த ஒரு காலையில் கருடன் வந்து தண்ணீர் டேங்க் மேல் உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது, மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியை, அதில் ஆளே இல்லாதது மாதிரி பார்த்தது. மாமா தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு கையை ஆட்டினார். “ஏய், இங்க பாரு, இங்க பாரு” என்றார். அது எழும்பிப் போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான்.

“அதுக்கு என்னைத் தெரியல மச்சான். வுடு” என்றார். அதற்கப்புறம் மாடிக்கு வரவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆவணி பிறப்பதற்குள் போய்விட்டார்.

கருமாதி முடிந்து நான் சிதம்பரம் வந்த பிறகு அக்கா போன் செய்தாள். “தம்பி, அது வந்து அடிக்குதுடா” என்றாள். யாரை என்று கேட்டேன், வந்து பாரு என்று போனை வைத்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். நல்ல வெயில், மாடியில் நாற்காலி கூடக் கிடையாது. கருடன் வந்தது, நடு மாடிக்கு மேல் நேராக இறங்கியது, வெறும் காற்றில் காலை நீட்டி அடித்தது. அடி விழுந்த சத்தம் என் காதில் கேட்டது. அது போனபின் நான் அந்த இடத்தில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன், என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரம். நோய் வருவதற்கு முன்னால் மாமா இருந்த உயரம்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நிக்குறாருடா. காலு சரியாயிடுச்சு அவருக்கு” என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், போகாமல் இருக்க முடியவில்லை. அக்காவிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் மறைத்தேன். அது அடிக்கிற இடம் இறங்கிக்கொண்டே வருகிறது. தீபாவளி சமயத்தில் என் நெற்றி மட்டத்துக்கு வந்தது. போன வாரம் என் நெஞ்சு மட்டம், மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்த உயரம். போன உயிர் போனதுதான் என்று நினைக்கிறவன் நான், அந்த இடத்தை மிதிக்காமல் கைப்பிடிச் சுவரோரமாகச் சுற்றிப் போனேன்.

நான் சொல்லாவிட்டால் என்ன, அவளுக்கும் கண் இருக்கிறதே. கீழே இறங்கும்போது படிக்கட்டில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஆடி, ஆவணின்னு பாக்க வேணாம்டா. இந்த வாட்டியாவது அவர மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்றாள்.

சரிக்கா என்றேன்.